பண்ருட்டி முந்திரிக்கு எந்த டொமைன் பெயர்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஓர் அம்மையார் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பி பண்ருட்டியில் முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பைத் தரம் பிரிக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இதுவரை கடையிலும் வாட்ஸ்அப்பிலுமாக விற்றுவந்ததை இனிச் சொந்த இணையதளத்தில் விற்க இருவரும் எண்ணுகிறார்கள். தளத்தின் முகவரியாக, அதாவது டொமைன் பெயராக, ‘பண்ருட்டி முந்திரி’, ‘கடலூர் கேஷ்யூஸ்’, பாட்டி காலத்துக் கடைப்பெயர் என்று மூன்று பெயர்கள் அவர்கள் மனத்தில் உள்ளன. டாட் காம் வாங்குவதா, டாட் இன் வாங்குவதா, தமிழிலேயே பெயர் வாங்கினால் என்ன, இணையதளம் செய்து தருபவர் ‘பெயரையும் நானே வாங்கிவிடுகிறேன், கவலையை விடுங்கள்’ என்கிறாரே, அவரிடமே விட்டுவிடலாமா என்பவை கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றில் தவறினால் சில நூறு ரூபாய் போகும், இதில் தவறினால் கடையே போகும். விடாதீர்கள் அம்மா. அவர் பெயரைத் தேடித் தரலாம், பணம் கட்டும்போது பக்கத்தில் இருந்து உதவலாம், பெயரைத் தளம் இருக்கும் கணினியோடு இணைக்கும் நேம்சர்வர் அமைப்புகளைச் செய்து கொடுக்கலாம். ஆனால் பெயரைப் பதிந்து தரும் பதிவு நிறுவனத்தில் தொடங்கும் கணக்கு உங்கள் மின்னஞ்சலிலும் உங்கள் கைபேசி எண்ணிலும் இருக்க வேண்டும். உரிமையாளர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரோ தம்பியின் பெயரோ இருக்க வேண்டும். புதுச்சேரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறு கடைகள், தங்கும் விடுதிகள், பள்ளிகள் ஆகியவற்றின் இணையதளங்களைப் பராமரித்து வருகிறேன். பெயரின் முடிவு டாட் காமா, டாட் இன்னா என்பதால் வந்த தகராறு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பெயர் யாருடைய கணக்கில் கிடக்கிறது என்பதால் வந்தவற்றை எண்ணி மாளாது. வாங்கித் தந்தவர் துபாய் போய்விட்டார், அல்லது எண்ணை மாற்றிவிட்டார், அல்லது பாக்கித் தொகை வரும்வரை கடவுச்சொல்லைத் தரமாட்டேன் என்கிறார். இதற்கு அவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, மறதிக்காரராக இருந்தாலே போதும்.

டொமைன் பெயரை ‘வாங்குகிறோம்’ என்பது பேச்சு வழக்கு. உண்மையில் அது குத்தகை. குறைந்தது ஓர் ஆண்டு, ஒரே தடவையில் அதிகம் போனால் பத்தாண்டு என்று பணம் கட்டி எடுக்கிறோம், காலம் முடிவதற்குள் புதுப்பிக்கிறோம். ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பதிவகம் உண்டு, அதுதான் மூலப் பேரேட்டை வைத்திருப்பது. டாட் காமின் பேரேடு அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. டாட் இன்னின் பேரேட்டை 2003-இல் தொடங்கப்பட்ட நிக்சி என்னும் நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஆஃப் இந்தியா நிர்வகிக்கிறது. உலகம் முழுவதற்குமான ஒழுங்கை 1998 முதல் ஐகான் என்னும் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. நாம் நேரே பதிவகத்திடம் போவதில்லை. அதன் அங்கீகாரம் பெற்ற பதிவு நிறுவனங்களிடம் பணம் கட்டுகிறோம், அவர்கள் பேரேட்டில் நம் பெயரை ஏற்றுகிறார்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் சேவை பிடிக்காவிட்டால் பெயரை இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லலாம். அதற்குப் பூட்டைத் திறக்கச் சொல்லி, மாற்றுக் குறியீடு என்ற ஒரு ரகசியச் சொல்லைப் பெற வேண்டும். புதிதாகப் பதிந்த டாட் காம் பெயரை மட்டும் முதல் அறுபது நாளுக்குப் பொதுவாக மாற்ற விடமாட்டார்கள். இணையதளம் குடியிருக்கும் ஹோஸ்டிங் இடம் வேறு, பெயர் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஹோஸ்டிங் எடுத்தால் டொமைன் இலவசம்’ என்ற சலுகையில் இரண்டும் ஒரே முடிச்சாகிவிடும், பின்னால் ஒன்றை மட்டும் அவிழ்ப்பது சிரமம்.

பெயர் எப்படி வேலை செய்கிறது என்பதை நம் அஞ்சல் குறியீட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கடலூருக்கு 607 001 என்று எழுதிய கடிதத்தை டெல்லியில் பிரிப்பவர் தெருப்பெயரைப் படிப்பதில்லை. முதலில் நிற்கும் 6 என்ற இலக்கத்தைக் கண்டதும் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரிப் பக்கம் தள்ளிவிடுவார்; இங்கே வந்தபின் அடுத்த இலக்கங்கள் பார்க்கப்படும்; தெருவும் கதவு எண்ணும் தபால்காரருக்கு. டொமைன் பெயரும் இப்படிப் பெரியதிலிருந்து சிறியதற்குத்தான் படிக்கப்படுகிறது, ஆனால் வலக்கோடியிலிருந்து தொடங்கி. வாடிக்கையாளர் பெயரை அடித்ததும், முதலில் எல்லா முடிவுகளின் பட்டியலையும் வைத்திருக்கும் வேர்ச் சேவையகங்களிடம் ‘டாட் இன் யாரிடம்?’ என்று கேட்கப்படுகிறது; அவை டாட் இன் பதிவகத்தைக் காட்டுகின்றன; பதிவகம் உங்கள் நேம்சர்வரைக் காட்டுகிறது; நேம்சர்வர் இணையதளம் இருக்கும் கணினியின் எண்ணைத் தருகிறது. இந்த ஏற்பாட்டை 1983-இல் வடிவமைத்தவர் பால் மொகாபெட்ரிஸ். அதற்கு முன்னர் வலையிலிருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் கலிபோர்னியாவில் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டு, மற்றவர்கள் அதை நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்ட விடையை வழியிலுள்ள கணினிகள் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால்தான், நீங்கள் ஹோஸ்டிங் இடத்தை மாற்றிய அன்று உங்கள் கைபேசியில் புதிய தளமும் தம்பியின் கைபேசியில் பழைய தளமும் தெரியும். பயப்பட வேண்டாம், ஓரிரு நாளில் சரியாகிவிடும்.

வலமிருந்து படிக்கும் இந்தப் பழக்கம் கடை வைக்காதவர்களுக்கும் உதவும். புதுச்சேரி அரசின் தளம் ‘பிஒய் டாட் கோவ் டாட் இன்’ என்று முடிகிறது. கோவ் டாட் இன் என்ற முடிவைத் தனியார் எவரும் எடுக்க முடியாது. ஆனால் ‘பிஒய் டாட் கோவ் டாட் இன்’ என்பதற்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, ‘சலுகை டாட் காம்’ என்று வேறொன்று தொடர்ந்தால், அந்த முகவரியின் சொந்தக்காரர் அரசு அல்லர், சலுகை டாட் காமை எடுத்தவர். இந்திய வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பேங்க் டாட் இன்’ என்ற முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதற்கும் காரணம் இதுபோன்ற ஏமாற்றுதான்.

இனிப் பெயருக்கு வருகிறேன். டாட் காமா, டாட் இன்னா என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். புள்ளிக்கு முன்னால் என்ன எழுதுகிறோம் என்பதில் அதில் பாதி யோசனைகூடச் செலவிடுவதில்லை. நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். பெயரைத் தொலைபேசியில் ஒரு தடவை சொன்னால், கேட்டவர் மறுகேள்வி இல்லாமல் சரியாக அடிக்க வேண்டும். நம் ஊரில் வியாபாரம் காதுவழியாகத்தான் பரவுகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் ‘இந்தப் பருப்பு எங்கே வாங்கியது?’ என்று கேட்கிறவருக்கு இணைப்பை யாரும் அனுப்பிவைப்பதில்லை, பெயரைச் சொல்கிறார்கள்.

உங்கள் முதல் பெயரான ‘பண்ருட்டி முந்திரி’யை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் இதை எப்படி எழுதுவது? முந்திரியில் உள்ள ‘தி’க்கு டெல்லி டி மட்டும் போடுபவர் உண்டு, டெல்லி டியுடன் எச் சேர்ப்பவர் உண்டு, டைகர் டியுடன் எச் சேர்ப்பவர் உண்டு, டைகர் டியை மட்டும் போட்டு விட்டுவிடுபவரும் உண்டு. பண்ருட்டிக்கு அரசு எழுத்தில் ஒரே டைகர் டிதான். ஆனால் உச்சரிப்பைக் கேட்பவர் கை இரண்டு போடும். இரண்டையும் பெருக்கினால் எட்டு வடிவங்கள், கடைசியில் ஐயா ஒய்யா என்பதைக் கணக்கில் சேர்க்காமலே. உங்கள் கேள்வியைப் படித்த அன்று, வேலை மெனக்கெட்டு, உறவினர் ஐந்து பேரைத் தொலைபேசியில் அழைத்துப் பெயரைச் சொல்லி, ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பச் சொன்னேன். நான்கு பேர் நான்கு விதமாக அனுப்பினார்கள். விருத்தாசலத்தில் இருக்கும் என் சின்னம்மா மட்டும் அனுப்பாமல் திரும்ப அழைத்து, “நடுவுல கோடு போடணுமா, சேத்தே எழுதணுமாப்பா? நீ அதைச் சொல்லலையே” என்றார். பத்தாண்டு அனுபவமுள்ள ஆலோசகர் கேட்க வேண்டிய கேள்வி அது. கோடு போட்ட பெயர் கண்ணுக்கு அழகாக இருக்கும். வாயால் சொல்லும்போது சிலர் ஹைஃபன் என்பார், சிலர் டேஷ் என்பார், சிலர் அடிக்கோட்டைப் போட்டுவிடுவார். டொமைன் பெயரில் அடிக்கோட்டுக்கு இடமே கிடையாது. ஆகவே கோடு வேண்டாம், எண்ணும் வேண்டாம்.

‘கடலூர் கேஷ்யூஸ்’ இதைவிட மோசம். கடலூரின் ஆங்கில எழுத்தில் சி, யூ, இரண்டு டெல்லி டி, ஏ, எல், ஓ, ஆர், இ என்று இருப்பது நமக்குப் பழகிவிட்டது. கோயம்புத்தூரில் இருந்து வாங்க வருபவர் ‘கே’யில் தொடங்குவார். நீலகிரியில் ஒரு கூடலூர் வேறு இருக்கிறது. கேஷ்யூஸ் என்பதில் கடைசி எஸ் உண்டா இல்லையா என்பது அடுத்த சந்தேகம். ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தை நம்பி மட்டும் ஒரு பெயரைக் கட்டாதீர்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்து, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. எங்கள் ஊர் 2006-இல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனது; ஆனால் பல்கலைக்கழகம் இன்றும் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகமே, அதன் முகவரியில் பாண்டி என்பது ஐ எழுத்தில் முடிகிறது, ஊரில் பாதிக் கடைகள் ஒய் போட்டு எழுதுகின்றன. இங்கே ‘பாண்டி’ என்று தொடங்கும் பெயரைக் கொண்டுவரும் வாடிக்கையாளரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘ஐயா, ஒய்யா?’ என்பதுதான். வெள்ளையர் தெருப் பகுதியில் உணவகம் நடத்துபவர்கள் சிலர் கஃபே என்பதைப் பிரெஞ்சு முறைப்படி கடைசி எழுத்தின்மேல் சாய்கோடு இட்டே டொமைனிலும் வேண்டும் என்பார்கள். வாங்க முடியும், யார் அடிப்பார்கள்?

ஊரும் பொருளும் சேர்ந்த பெயருக்கு இன்னொரு குறை உண்டு. ‘பண்ருட்டி முந்திரி’ என்பது பண்ருட்டியில் முந்திரி விற்கும் எல்லோரும் சொல்லக்கூடிய சொல். நாளை பக்கத்துப் பட்டறைக்காரர் சிறிது மாற்றி எழுதி ஒன்றை எடுத்தால், அவரைத் தடுக்க உங்களுக்குப் பெரிய பிடி கிடைக்காது. தனித்த கடைப்பெயருக்கு அந்தப் பிடி உண்டு. சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-இல் டொமைன் பெயருக்கும் வணிகப் பெயருக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அங்கே சிக்கலே ‘சிஃபி’ என்ற பெயரில் ஓர் எஃப் இருப்பதா, இரண்டு இருப்பதா என்பதுதான். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும் என்பதை நீதிமன்றம் கணக்கில் கொண்டது. டாட் இன் பெயர்களுக்கான தகராறுகளை நீதிமன்றம் போகாமல் நடுவர் வழியாகத் தீர்க்கும் முறையையும் பதிவகம் வைத்திருக்கிறது. பெயரை முடிவு செய்யும் முன், அதே பெயரில் வேறு யாருக்கும் வணிகச் சின்னப் பதிவு இருக்கிறதா என்று அரசின் வணிகச் சின்னத் தளத்தில் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

தமிழிலேயே வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வாங்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்துக் கடை நடத்தாதீர்கள். டாட் இந்தியா என்பது தமிழ் எழுத்திலேயே இருக்கிறது. இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழ் எழுத்தில் முடிவுகள் உள்ளன. மேலே சொன்ன டெல்லி டி, டைகர் டி தொல்லை தமிழில் இல்லை என்பது பெரிய நிம்மதி. உள்ளே நடப்பது வேறு. பெயர்ச் சேவையகங்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும்தான் வழக்கம் என்பதால், தமிழ்ப் பெயர் ‘எக்ஸ் என் கோடு கோடு’ என்று தொடங்கும் ஒரு நீண்ட ஆங்கிலக் குழப்பமாக மாற்றப்பட்டே பதிவாகிறது. பல இடங்களில் அது மறைந்திருக்கும். சில செயலிகளில் அந்தக் குழப்பமே வாடிக்கையாளர் கண்ணில் பட்டு, ஏதோ மோசடி இணைப்பு என்று விலகிவிடுவார். மின்னஞ்சல் இதைவிடச் சிக்கலானது. தமிழ் முகவரியை ஏற்காத படிவங்கள் இன்னும் நிறைய. எழுத்து மயக்கமும் தமிழில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ‘ஔ’ என்ற ஒரே எழுத்தையும், ‘ஒ’வும் ‘ள’வும் அடுத்தடுத்து வைத்த ‘ஒள’வையும் பாருங்கள், பல எழுத்துருக்களில் கண்ணால் பிரிக்க முடியாது, கணினிக்கு இரண்டும் வேறு. ஔவையார் பெயரில் தளம் வைக்க வந்த ஒருவருக்கு அவர் அடித்த பெயரில் பாதி இப்படி, பாதி அப்படி என்று நான் காட்டியபோது நம்பவே இல்லை. உங்கள் கடைப்பெயரில் அந்தச் சிக்கல் இல்லை. தமிழ்ப் பெயரை எடுத்து, அதை அடிப்பவர் தானாக ஆங்கில எழுத்துத் தளத்துக்கே வந்து சேரும்படி திருப்பிவிடுங்கள். பருப்புப் பொட்டலத்தின்மேல் தமிழ்ப் பெயரைப் பெரிதாக அச்சிடுங்கள். அழகாகவும் இருக்கும்.

டாட் காமா, டாட் இன்னா? இரண்டும் கிடைத்தால் இரண்டையும் எடுங்கள், ஒன்றை மட்டும் முகவரியாகப் பயன்படுத்துங்கள். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால், மற்றது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்; வேறொரு முந்திரிக் கடையிடமோ தின்பண்டக் கடையிடமோ இருந்தால் அந்தப் பெயரையே விட்டுவிடுங்கள், உங்கள் விளம்பரச் செலவில் அவருக்கு ஆர்டர் போகும். முதல் டாட் காம் பெயர் 1985 மார்ச் 15-இல் பதிவானது. நாற்பது ஆண்டுகளில் நல்ல சிறு சொற்கள் எல்லாம் போய்விட்டன. டாட் இன் 2005-இல்தான் எல்லோருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது என்பதால் அங்கே இன்னும் இடம் இருக்கிறது, இந்தியாவுக்குள் விற்பவருக்கு அது எவ்விதத்திலும் தாழ்ந்ததும் அல்ல. டாட் கோ டாட் இன் பற்றி ஒரே வரி: சொல்ல நீளம், வேறு வழியில்லாவிட்டால் மட்டும். டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் போன்றவற்றை முதல் ஆண்டுக்கு நூறு, நூற்றைம்பது ரூபாய் என்று காட்டுவார்கள். இரண்டாம் ஆண்டு விலையைச் சிறிய எழுத்தில் தேடிப் படியுங்கள், பெரும்பாலும் பல மடங்கு இருக்கும். நம் பிள்ளைகள் டாட் டிஎன் தமிழ்நாடு என்றும், வண்டிப் பலகையில் இருப்பதால் டாட் பிஒய் புதுச்சேரி என்றும் ஆசையோடு கேட்டு வருவார்கள். முன்னது துனிசியா நாட்டுடையது, பின்னது பராகுவே நாட்டுடையது. இரண்டெழுத்து முடிவுகள் எல்லாம் நாடுகளுக்கு ஒதுக்கப்பட்டவை, நாடு போனால் முடிவும் போகலாம்; யுகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010-இல் நீக்கப்பட்டது.

புதுப்பித்தலைப் பற்றி நான் சொல்வதற்கு ஓர் அவமானம் கைவசம் இருக்கிறது. கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தங்கும் விடுதியின் தளத்தை நான் பராமரித்தேன். டொமைன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்திருந்தேன். இணைத்திருந்த வங்கி அட்டையின் காலம் முடிந்துவிட்டது எனக்குத் தெரியாது. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வரத்தான் செய்தன, நான் பார்க்காத முகவரிக்கு. டொமைன் காலாவதியானதும் அந்த டொமைனில் இருந்த மின்னஞ்சல் முகவரிகள் எல்லாமே செத்துப்போயின, எச்சரிக்கை போகும்படி நான் கொடுத்திருந்ததும் அவற்றில் ஒன்று. டிசம்பர் 27 காலையில் விடுதிக்காரர் அழைத்து, “அண்ணே, புத்தாண்டுக்கு ரூம் கேட்டு ஒரு மெயில்கூட வரலியே, என்ன ஆச்சு?” என்றார். புதுச்சேரியில் விடுதி நடத்துபவருக்கு அந்த வாரம் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அன்றே பணம் கட்டி மீட்டேன், அதுவும் பெயர் இன்னும் சலுகைக் காலத்தில் இருந்த அதிர்ஷ்டத்தால். அந்த மாதக் கட்டணத்தை நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

டாட் காம் போன்றவற்றில் காலாவதியான பெயரைச் சில வாரங்கள்வரை வழக்கமான கட்டணத்தில் மீட்கப் பெரும்பாலான நிறுவனங்கள் விடும். அதைத் தாண்டினால் முப்பது நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்காகும். அதற்கும் பிறகு ஐந்து நாளில் பெயர் பேரேட்டிலிருந்து விழும். விழும் நொடியில் எடுப்பதற்கென்றே மென்பொருள் வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. பார்வையாளர்கள் வந்து பழகிய பெயர் என்றால் திரும்பக் கிடைப்பது அரிது. எனவே பதிவுக் கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் உங்கள் சொந்த ஜிமெயில் போன்ற வெளி முகவரியாக இருக்கட்டும், புதிய டொமைனின் முகவரியாக வேண்டாம். முதல் தடவையே மூன்று ஆண்டுக்குக் கட்டுங்கள். கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ‘உங்கள் டொமைன் முடியப்போகிறது, உடனே கட்டுக’ என்று நீங்கள் பதிவு செய்யாத வேறொரு நிறுவனத்திலிருந்து அச்சமூட்டும் கடிதங்கள் வரும், அவற்றைக் கிழித்துப் போடுங்கள். பதிவு நிறுவனத்தின் தளத்தில் நீங்களே நுழைந்து பார்க்கும் தேதிதான் தேதி.

இன்னொன்று. பதிவு செய்தவரின் பெயரும் முகவரியும் முன்பெல்லாம் ஹூஇஸ் என்ற, பெயர் யாருடையது என்று காட்டும் பொதுப் பட்டியலில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தன. 2018-க்குப் பிறகு டாட் காமில் பெரும்பாலும் மறைக்கப்படுகின்றன. டாட் இன்னில் வேறொருவர் பெயரைப் போட்டு மறைக்கும் சேவைக்கு அனுமதி இல்லை. உண்மையான விவரங்களையே கொடுங்கள்; பொய் விவரம் கொடுத்த பெயரை நிறுத்திவைக்கப் பதிவகத்துக்கு அதிகாரம் உண்டு, தகராறு வந்தால் அது உங்களுடையது என்று நிறுவவும் முடியாது.

ஆக, மூன்றாவது பெயரைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். பாட்டி காலத்துக் கடைப்பெயரில் ழகரம் இல்லை, இரட்டித்து ஒலிக்கும் எழுத்து இல்லை, ‘தி’ இல்லை. ஆங்கிலத்தில் எட்டே எழுத்து. அதே ஐந்து பேரிடம் அதையும் சொல்லிப் பார்த்தேன். ஐந்து பேரும் ஒரே மாதிரி அனுப்பினார்கள், சின்னம்மா உட்பட. தம்பி நாளைக்கு முந்திரியோடு பலாப்பழ வற்றலும் விற்கத் தொடங்கினால் அதற்கும் இந்தப் பெயர் பொருந்தும். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் பிரித்துக் கேட்கும் மொத்த வியாபாரிகளுக்கும் பழைய கடை என்ற நம்பிக்கையைத் தரும். நேற்று இரவு தேடியபோது டாட் காம், டாட் இன், தமிழில் டாட் இந்தியா மூன்றுமே காலியாக இருந்தன. பெயரை நான் இங்கே எழுதாமல் விட்டதற்குக் காரணம், இதைப் படிக்கும் வேறு எவராவது உங்களுக்கு முன்னால் எடுத்துவிடக்கூடும் என்பதுதான். இன்று மாலைக்குள் உங்கள் கைபேசியில், உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள்; தளம் செய்வதை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.